வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுவிட்டு மீதியை ரொக்கமாக வாங்கலாமா?

காவிரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் 2025 கடைசியில் நீளமாக எழுதியிருந்தார். ஊரும் பெயரும் வேண்டாம். கடிதத்தின் சாரம் இது:

அவருடைய அப்பா 1988-ல் தன் சம்பளப் பணத்தில் வாங்கிய வீடு. அம்மா 2006-ல் போய்விட்டார், அப்பா 2009-ல். உயில் இல்லை. வாரிசுகள் இருவர்: கடிதம் எழுதியவர், அவருடைய தங்கை. வீட்டுக்கு இப்போது 92 லட்சம் விலை படிந்திருக்கிறது. வழிகாட்டி மதிப்பு 58 லட்சம். "58-க்குப் பத்திரம் போட்டுக்கொள்வோம், மீதி 34-ஐ ரொக்கமாகத் தருகிறேன்" என்கிறார் வாங்குபவர். புரோக்கரும் அதையே சொல்கிறார். மைத்துனர் ஒரு படி மேலே போய், 15 லட்சத்துக்கு வீடு புதுப்பித்ததாக பில் வாங்கித் தருவதாகவும், பழைய முத்திரைத்தாளில் 2015 தேதியிட்டு ஒரு குடும்பப் பங்கீடு எழுதி ஐந்து பேர் பெயரில் லாபத்தைப் பிரித்துவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். ஒரு லட்சம் ரூபாய் அட்வான்ஸ் ஏற்கெனவே ரொக்கமாகக் கைக்கு வந்துவிட்டது. தை பிறந்ததும் பத்திரம்.

அவர் கேட்பவை: "இதெல்லாம் எல்லோரும் செய்கிற வரிச் சேமிப்புதானே? அரசே நிர்ணயித்த விலைக்குப் பதிவு செய்தால் அதில் என்ன தவறு? என் மனதை உறுத்துவது வேறு விஷயம். தங்கையைப் பங்குதாரராகக் காட்டினால் வரி குறையும் என்கிறார்கள். அவள் 1987-லேயே கல்யாணமாகிப் போனவள், அவளுக்குச் சட்டப்படி பங்கு கிடையாது. பெயருக்கு அவளைச் சேர்ப்பது ஏமாற்று வேலை ஆகாதா? வரி மிச்சமாகும் என்பதற்காக பாண்டு (அரசு நிறுவனங்களின் கடன் பத்திரம்) வாங்குவதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது." கடைசியில் ஒரு வரி: மாடியை மாதம் 8,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அதை இதுவரை ரிட்டர்னில் காட்டியதில்லை.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் தயங்குகிற இரண்டு காரியங்களும் சட்டம் முழு மனதோடு அனுமதிப்பவை. சாதாரணமாக எடுத்துக்கொண்ட மூன்று காரியங்களும் குற்றம். இந்தத் தலைகீழ்ப் புரிதல் உங்களுக்கு மட்டும் உள்ளதல்ல. என்னிடம் வருகிற நேர்மையான மனிதர்கள் பலரும் இப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். வரி குறைந்தாலே ஏதோ தப்பு என்று ஒரு பக்கம் பயப்படுவார்கள். ஊரே செய்வதால் தப்பில்லை என்று இன்னொரு பக்கம் துணிவார்கள்.

எவ்வளவு வரி குறைந்தது என்பதை வைத்துச் சட்டம் இதைப் பிரிப்பதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி, சட்டம் தந்த சலுகையைக் கேட்டுப் பெற்றால் வரி பூஜ்யமே ஆனாலும் அது உங்கள் உரிமை. நடக்காததை எழுதினாலோ, நடந்ததை மறைத்தாலோ, மிச்சமானது ஆயிரம் ரூபாயாக இருந்தாலும் அது ஏய்ப்பு. நடுவில் ஒரு மங்கலான இடமும் உண்டு. 1985-ல் மெக்டவல் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்துக்கு உட்பட்ட வரித் திட்டமிடல் சரி, வெளிப்பூச்சுக்காக மட்டும் செய்யப்படும் ஏற்பாடு அதில் சேராது என்றது அந்த இடத்தைப் பற்றித்தான். 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் வரித் தவிர்ப்பைத் தடுக்கும் பொது விதிகளும் (GAAR) அதற்காகத்தான். ஆனால் அவை 3 கோடிக்கு மேல் வரிப் பயன் அடையும் ஏற்பாடுகளுக்கானவை. உங்கள் விஷயத்தில் மங்கல் ஏதுமில்லை.

வழிகாட்டி மதிப்பு விலை ஆகாது

"அரசே நிர்ணயித்த விலை" என்கிறீர்கள். இல்லை ஐயா. முத்திரைத் தீர்வை கணக்கிட அரசு வைத்திருக்கும் கீழ் வரம்பு அது. வருமான வரிச் சட்டத்தின் 50சி பிரிவும் அதைக் கீழ் வரம்பாகவே பயன்படுத்துகிறது: அதற்கும் கீழே விற்றதாகக் காட்டினால், 10 சதவீதம் வரையிலான வித்தியாசத்தை விட்டுவிட்டு, மற்றபடி வழிகாட்டி மதிப்புக்கே விற்றதாக எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் வாங்கியதை மறைக்கலாம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. உங்கள் கைக்கு வருவது 92 என்றால் விலை 92 தான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய வழக்கு உதவும். கே.பி. வர்கீஸ் என்பவர் 1958-ல் 16,500 ரூபாய்க்கு வாங்கிய எர்ணாகுளம் வீட்டை, 1965-ல் அதே விலைக்குத் தன் மருமகளுக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் விற்றார். சந்தை விலை 65,000 என்று சொல்லி வருமான வரித் துறை வித்தியாசத்துக்கு வரி கேட்டது. 1981-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் உண்மையிலேயே அவ்வளவுதான் வாங்கினார், வாங்கியதைக் குறைத்துக் காட்டவில்லை, வராத பணத்துக்கு வரி போட முடியாது என்பதே அதன் சாரம். 50சி வந்தபிறகு இன்று கணக்கு வேறு மாதிரி போகும் என்றாலும், குறைவாக வாங்குவதும் வாங்கியதைக் குறைத்துக் காட்டுவதும் வெவ்வேறு என்ற அடிப்படை மாறவில்லை. அந்த வீட்டை உங்கள் தங்கை மகனுக்கு உண்மையாகவே 58 லட்சத்துக்குக் கொடுத்தால் யாரும் உங்களைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது.

அந்த 34 லட்சம் ரொக்கம்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் புரோக்கர் உங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லியிருக்க மாட்டார்.

34 லட்சத்தை மறைப்பதால் உங்களுக்கும் தங்கைக்கும் சேர்த்து மிச்சமாகும் மூலதன ஆதாய வரி (சொத்து விற்ற லாபத்துக்கான வரி), 12.5 சதவீதம் என்று வைத்தால் 4.25 லட்சம், செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 4.42 லட்சம். வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதத்தில் 3 லட்சத்துக்கு மேல் மிச்சம். கணக்கில் வராத பணத்தைக் கரைக்க ஒரு வழியும் அவருக்குக் கிடைக்கிறது. இதில் அவருக்குத்தான் அவசரம்.

இப்போது மறுபக்கம். 269எஸ்எஸ் பிரிவின்படி, அசையாச் சொத்து விற்பனை தொடர்பாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 2015 ஜூன் முதல் இது சொத்து விற்பனைக்கும் பொருந்துகிறது. மீறினால் 271டி பிரிவின்கீழ் அபராதம் எவ்வளவு தெரியுமா? வாங்கிய தொகைக்குச் சமம். 34 லட்சம் வாங்கினால் 34 லட்சம். இதைத் தவிர, வருமானத்தைத் திரித்துக் காட்டியதற்கு 270ஏ பிரிவில் ஏய்த்த வரியைப் போல இரு மடங்கு அபராதம். வரியும் வட்டியும் தனி. நாலரை லட்சம்கூட இல்லாத ஒரு மிச்சத்துக்காக, வீட்டு விலையில் பாதிக்கு மேல் பணயம் வைக்கச் சொல்கிறார்கள் உங்களை.

ஜெயில்? பயமுறுத்தி உங்களை வழிக்குக் கொண்டுவர எனக்கு விருப்பமில்லை, உள்ளதைச் சொல்கிறேன். 276சி பிரிவின்கீழ் வேண்டுமென்றே வரி ஏய்க்க முயல்வது குற்றம். ஏய்க்க முயன்ற தொகை 25 லட்சத்தைத் தாண்டினால் 6 மாதம் முதல் 7 வருடம் வரை கடுங்காவல். அதற்குட்பட்டால் 3 மாதம் முதல் 2 வருடம் வரை. உங்கள் தொகை இரண்டாவது வகை. அந்த வகைக்கு, இரண்டு உயரதிகாரிகள் கொண்ட குழு முன்கூட்டியே ஒப்புதல் தந்தால்தான் வழக்கு தொடர வேண்டும் என்று நேரடி வரிகள் வாரியம் 2019-ல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆகவே நாளைக்கே கதவைத் தட்டுவார்கள் என்றில்லை. ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால், குற்ற எண்ணம் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும்.

"எப்படித் தெரியப் போகிறது?" என்று மைத்துனர் கேட்பார். நீங்கள் மறைத்தாலும் வாங்குபவர் எழுதி வைத்திருப்பார். அவர் வீட்டில் என்றைக்கோ சோதனை நடந்து, ஒரு டைரியிலோ வாட்ஸ்அப்பிலோ உங்கள் பெயருக்கு எதிரே 34 என்று இருந்தால் போதும். 30 லட்சமோ அதற்கு மேலோ உள்ள பத்திரங்கள் எல்லாம் பதிவுத் துறையிலிருந்து தானாகவே வருமான வரித் துறைக்குப் போய்விடுகின்றன. 2025 ஏப்ரலில் பெங்களூரு சொத்து ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறியதாக ஒரு வழக்கில் சொல்லப்பட்டால் நீதிமன்றமே வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், பதிவுக்கு வரும் ஆவணத்தில் அப்படி இருந்தால் சார்பதிவாளர் தெரிவிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இதையும் யோசியுங்கள்: பத்திரம் முடிந்தபிறகு வாங்குபவர் பாக்கி 10 லட்சத்தைத் தராமல் இழுத்தடித்தால் எந்தக் கோர்ட்டுக்குப் போவீர்கள்?

தங்கையின் பங்கு

உங்களை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கில்லை என்று நீங்கள் கேள்விப்பட்டது, தமிழ்நாட்டின் 1989 திருத்தத்தைப் பற்றியது. அது பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமைக்கு. உங்கள் அப்பா வாங்கியதோ தன் சுய சம்பாத்தியத்தில். உயில் எழுதாமல் இறந்தவரின் சுய சம்பாத்தியத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பது 1956 முதலே சட்டம். கல்யாணம் எப்போது ஆனது என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை. 2009-ல் அப்பா இறந்த அன்றே பாதி வீடு தங்கையுடையது ஆகிவிட்டது.

அவரைப் "பெயருக்குச் சேர்க்க" வேண்டிய தேவையே இல்லை. அவர் கையெழுத்து இல்லாமல் உங்களால் முழு வீட்டையும் விற்கவே முடியாது. 46 லட்சம் உங்கள் கணக்குக்கு, 46 லட்சம் அவர் கணக்குக்கு. ஆதாயத்தை இருவரும் தனித்தனியாகக் காட்டுவீர்கள். அதனால் வரி குறைகிறது என்றால் உண்மையான நிலவரத்துக்குச் சட்டம் போடும் வரி அவ்வளவுதான் என்று அர்த்தம்.

தங்கைக்கு 25 லட்சம் கொடுத்தால் போதும் என்று பேசி வைத்திருப்பதாகக் கடிதத்தின் நடுவே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பங்கில்லை என்று நினைத்து அவர் ஒப்புக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சை மறுபடி பேச வேண்டும். தன் பங்கு 46 லட்சம் என்று தெரிந்த பிறகும் அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க அவர் விரும்பினால், அது அவர் முடிவு. அவர் கணக்குக்குப் பணம் போய், அங்கிருந்து வங்கி வழியாக உங்களுக்கு அன்பளிப்பாக வரட்டும். உடன்பிறந்தவர் தரும் அன்பளிப்புக்கு வரி இல்லை. ஒரு கடிதம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மைத்துனர் யோசனைகள்

இருக்கிற இரண்டு வாரிசுகளுக்குள் பிரிப்பது உண்மை. 2015-ல் நடக்காத பங்கீட்டை இப்போது எழுதி, இல்லாத மூன்று பங்குதாரர்களை உருவாக்குவது பொய் ஆவணம். வரிச் சட்டத்தோடு நிற்காது, மோசடி வழக்கு வரை போகும். பில்லும் அப்படியே. வேலை நடக்காத 15 லட்சத்துக்கு பில் வாங்கினால் நீங்கள் 276சி-யிலும் பொய்யான உறுதிமொழிக்கான 277-லும் மாட்டுவீர்கள், பில் ஏற்பாடு செய்த மைத்துனர் 278-ல் உடந்தை ஆவார். உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் அவர் சொல்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவரிடம் இந்தப் பிரிவைப் படித்துக் காட்டுங்கள்.

ஆனால் ஒன்று கவனித்தேன். 2012-ல் மாடியில் நீங்கள் உண்மையாகவே அறை கட்டியிருக்கிறீர்கள், பில்கள் தொலைந்துவிட்டன என்கிறீர்கள். பில் இல்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. கட்டட வரைபட அனுமதி, மாடிக்குத் தனி மின் இணைப்பு வாங்கிய ஆவணம், சொத்து வரி உயர்ந்த ரசீது, அந்த மாதங்களில் வங்கியிலிருந்து பணம் எடுத்த பதிவு, பழைய போட்டோ, இவற்றைச் சேர்த்து ஒரு பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் கொடுங்கள். அதிகாரி முழுதாக ஏற்காமல் போகலாம். அப்படி மறுத்தாலும், நடந்த செலவை ஆதாரத்தோடு கேட்டதற்காக உங்களை ஏய்ப்பவர் என்று சொல்ல முடியாது.

சட்டம் திறந்து வைத்திருக்கும் வழிகள்

1988-ல் வாங்கியது என்பதால், 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி நிலவரப்படி உள்ள மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம். ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அன்றைய மதிப்பு என்று நீங்கள் சொன்ன 9 லட்சம் அதற்குள் அடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பாதிக்கு 4.5 லட்சம். 46-ல் அது போக ஆதாயம் 41.5 லட்சம். 12.5 சதவீத வரி 5,18,750 ரூபாய். 2024 ஜூலை 23-க்கு முன் கிடைத்த சொத்து என்பதால் விலைவாசி உயர்வுக்கு ஏற்ப அடக்க விலையை உயர்த்தும் பணவீக்கக் குறியீட்டோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். 2025-26க்குக் குறியீடு 376. அதன்படி அடக்க விலை 16.92 லட்சம், ஆதாயம் 29.08 லட்சம், வரி 5,81,600. ஆகவே உங்களுக்கு 12.5 தான் நல்லது. மாடி அறைச் செலவை நான் இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் இன்னும் குறையும்.

அந்த ஐந்து லட்சத்துச் சொச்சத்தையும் கட்டாமல் இருக்க நேர்வழி உண்டு. 54இசி பிரிவின்படி, விற்ற ஆறு மாதத்துக்குள் ஆர்.இ.சி., பி.எஃப்.சி., ஐ.ஆர்.எஃப்.சி. போன்ற அரசு நிறுவனங்களின் பாண்டுகளில் 50 லட்சம் வரை போடலாம். ஆதாயம் 41.5 லட்சத்தையும் போட்டால் உங்கள் மூலதன ஆதாய வரி பூஜ்யம். தங்கைக்கும் அப்படியே. முழு 92 லட்சத்தையும் பத்திரத்தில் எழுதிவிட்டு ஒரு ரூபாய் வரி கட்டாமல் இருக்க அரசே வழி வைத்திருக்கும்போது, எதற்காக ஐயா அந்த ரொக்கம்? இந்த பாண்டை வாங்கத்தான் உங்களுக்கு "ஒரு மாதிரி" இருந்தது. பணம் ஐந்து வருடம் முடங்கும், வட்டி 5.25 சதவீதம்தான், அதற்கும் வரி உண்டு. இந்தக் குறைகளை எடைபோட்டு வேண்டாம் என்றால் அது நியாயம். நேர்மைக் குறைவு என்று நினைத்து ஒதுக்காதீர்கள்.

மகள் கல்யாணத்துக்கு 20 லட்சம் கையில் வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் 26 லட்சத்தை பாண்டில் போடுங்கள். மீதி 15.5 லட்ச ஆதாயத்துக்கு வரி, செஸ்ஸோடு சேர்த்து 2,01,500 ரூபாய். வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் (விலையிலிருந்தே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடித்துக் கட்டியிருப்பார். உங்கள் பங்கில் அந்த 46,000 கழிந்துவிடும்.

இன்னொரு வழி 54-ஆவது பிரிவு: ஆதாயத்தை வைத்து இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்குவது, அல்லது மூன்று வருடத்துக்குள் கட்டுவது. சென்னையில் மகனுக்கு பிளாட் வாங்கும் எண்ணம் இருந்தால், உங்கள் பெயரில் வாங்குங்கள். மகன் பெயரில் மட்டும் வாங்கினால் துறை மறுக்கும், நீதிமன்றங்களும் அதில் ஒரே குரலில் பேசவில்லை. ரிட்டர்ன் கெடு தேதிக்குள் வீடு அமையாவிட்டால் பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும், சாதாரண டெபாசிட்டில் போட்டால் சலுகை போய்விடும். மனைவி பெயரில் டெபாசிட் போட்டால் வரி மிச்சம் என்று நினைத்திருக்கிறீர்கள். கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அதன் வட்டி உங்கள் வருமானத்தோடு சேர்த்துத்தான் கணக்கிடப்படும்.

நான் சொன்ன பிரிவு எண்கள் 1961 சட்டத்தினுடையவை. தையில் பத்திரம் முடிந்தால் அதுதான் உங்களுக்குப் பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், பதிவு அதற்குப் பின் தள்ளிப்போனால் ஆடிட்டரிடம் மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

அந்த ஒரு லட்சம் அட்வான்ஸை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பலரும் பதறிப்போய் அதைத்தான் செய்வார்கள். சொத்து அட்வான்ஸில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகத் திருப்புவதும் 269டி பிரிவின்படி தவறு, அதற்கும் சமமான அபராதம் உண்டு. பணத்தை உங்கள் வங்கிக் கணக்கில் போட்டு, அங்கிருந்து வாங்குபவர் கணக்குக்கு அனுப்புங்கள். ஏன் அனுப்புகிறீர்கள் என்று ஒரு கடிதமும் எழுதி நகல் வையுங்கள். முன்பு வாங்கியது விதிமீறல்தான், அது இதனால் அழிந்துவிடாது. ஆனால் நியாயமான காரணம் காட்டினால் அபராதத்தை விலக்க 273பி-யில் இடமிருக்கிறது, இந்தக் கடிதம் அப்போது உங்களுக்காகப் பேசும். அப்புறம், 92 லட்சத்துக்கும் புதிதாகக் கிரய ஒப்பந்தம் போடுங்கள், ஒவ்வொரு ரூபாயும் வங்கி வழியாக. வாங்குபவர் விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்பார். ஓரிரு லட்சம் விட்டுக்கொடுத்தாலும் உங்களுக்கு லாபமே. அடியோடு மறுத்தால் வேறு ஆள் பாருங்கள். வீட்டுக் கடனில் வாங்குகிறவர்களுக்கு முழு விலையும் பத்திரத்தில் இருப்பதுதான் வசதி.

மாடி வாடகை சின்னத் தொகை என்றாலும் மறைத்த வருமானம்தான், விற்பனையோடு அந்த வீடும் துறையின் பார்வைக்கு வரும். பராமரிப்புக்கென 30 சதவீதம் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் வரி. அந்த வாடகையிலும் பாதி தங்கையுடையது என்பதை மறக்க வேண்டாம். 2024-25 நிதியாண்டுக்கு 2025 டிசம்பர் 31 வரை திருத்திய ரிட்டர்ன் போடலாம், அதற்குக் கூடுதல் வரி இல்லை. அதற்கு முந்தைய நான்கு வருடங்களுக்குப் புதுப்பித்த ரிட்டர்ன் என்ற வசதி இருக்கிறது. வரி, வட்டிக்கு மேல் 25, 50, 60, 70 சதவீதம் என்று வருடம் பழசாகப் பழசாகக் கூடுதல் வரி ஏறும். துறையிலிருந்து நோட்டீஸ் வந்து மதிப்பீடு தொடங்கிவிட்டால் அந்த வருடத்துக்கு இந்த வசதி கிடையாது. ஆகவே இதைப் பத்திரத்துக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். வாடகைதாரர் பணம் போட்ட வங்கிப் பதிவுகளை இந்த வாரமே எடுத்து ஆடிட்டரிடம் கொடுத்தால் டிசம்பருக்குள் நடக்கும்.